பரிசோதனை அறைக்கு வெளியே இருந்த பெஞ்ச்

பரிசோதனை அறைக்குள் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. உள்ளே டாக்டர் இருப்பார், நர்ஸ் இருப்பார், குழந்தை கேட்டால் அம்மாவும் இருப்பார். என் இடம் கதவுக்கு வெளியே, சுவரோரம் கிடந்த மர பெஞ்ச். குழந்தையிடம் யாரோ தப்பாக நடந்துகொண்டார்கள் என்று சந்தேகப்பட்டு ஓடிவருகிற அம்மா அப்பாக்களை அதில் உட்காரவைத்து, உள்ளே என்ன செய்வார்கள், அதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று எடுத்துச் சொல்வேன். உத்தரவில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று எழுதியிருந்தது. ஜனங்களுக்கு நான் பெஞ்ச் மேடம்.

என் வேலைக்கு நீங்கள் இப்போது அந்த பெஞ்சுக்கு வந்திருக்கிறீர்கள். சட்டமும் படிவங்களும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சர்வீஸ் முழுக்க அந்த வாயால்தான் பிழைத்தேன். ஒரே ஒரு தடவை அதே வாயால் ஒரு குழந்தையைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவைப் பார்த்து, “ஏம்மா குளிக்க வச்சி இட்டுனு வந்தே? துணியையும் தொவைச்சிட்டியா? எல்லாம் போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டேன். நம் பக்கத்தில் டாக்டரிடம் போவதென்றால் குழந்தையைத் தலைக்கு ஊற்றி, இருப்பதில் நல்ல கவுனாகப் போட்டுத்தான் அழைத்துவருவார்கள். அசிங்கம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் நாலு சொம்பு கூட ஊற்றுவார்கள். அந்த அம்மா தன் கையாலேயே கேஸைக் கெடுத்துவிட்டதாக நினைத்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு குளிப்பாட்டியது பற்றி நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. “பரவால்லம்மா, பாக்க வேண்டியது இன்னும் இருக்குது. துணி இருந்தா ஒரு பேப்பர் பையில போட்டு எடுத்துனு வா” என்று மட்டும் சொல்வேன். அந்த ஒரு பாடத்தோடு நான் தேறிவிட்டதாக நினைத்தேன்.

இனி கலாவின் கதை.

கலா ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். லைனில் வருகிற ஷூவை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விலகியிருந்தால், பசை வழிந்திருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். குறையில்லாதது பாஸ், குறையுள்ளது ரிஜெக்ட். பதினோரு வருடமாக அதே வேலை. புருஷன் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் வேலைக்குப் போவதால், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி விட்டதும் பெரியப்பா வீட்டுக்குப் போவாள். பெரியப்பாதான் வண்டியில் வந்து கூட்டிப்போவார். சாயங்காலம் கம்பெனி பஸ் விட்டு இறங்கி, கலா அங்கே போய் மகளை அழைத்துக்கொள்வாள்.

ஒரு ராத்திரி மகள், நாளையிலிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, எட்டு வயசுக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். விடிந்ததும் கலா புருஷனிடம்கூடச் சொல்லாமல், குழந்தையைக் குளிப்பாட்டி, லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

அன்று நான் பெஞ்சில் நன்றாகவே வேலை பார்த்தேன். என்னை நானே மெச்சிக்கொள்ளவில்லை, பின்னால் வருவதைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். டாக்டரம்மா தலையிலிருந்து கால்வரை பார்ப்பார், வலிக்காது, நீ கூடவே இருக்கலாம், குழந்தை வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், போலீசுக்கு நாங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கலா தலையாட்டினாள். டாக்டர் என் வயதில் பாதி இருப்பார், சின்னப் பெண். குழந்தை நடுவில் ஒரு முறை “போதும்” என்றபோது கையை எடுத்துவிட்டு, அவளோடு பள்ளிக்கூடக் கதை பேசிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தாராம். குழந்தை நடந்ததை டாக்டரிடமும் சொன்னாள். மகளிர் போலீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பேசிவிட்டு, மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அதுவரை குழந்தையை அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றார். அனுப்ப மாட்டேன் என்று கலா உறுதியாகச் சொன்னாள்.

டாக்டர் என்னிடம், “மேடம், அவங்கள உட்கார வைங்க. ரிப்போர்ட்ட நானே வந்து விளக்குறேன்” என்று சொல்லியிருந்தார். அதற்குள் பைபாஸில் விபத்து, கேஷுவாலிட்டியில் ஒரே கூட்டம். டாக்டர் ஓடினார். பெஞ்சில் இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. மணி ஒன்றாகப் போகிறது. கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பொண்ணு பாஸா, ரிஜெக்டா?”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கதவோரத்து மேஜைமேல் டாக்டர் விட்டுப்போயிருந்த ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தேன். காயம் ஏதும் இல்லை என்ற வரி கண்ணில் பட்டது. கீழே இன்னும் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

“பாஸ்மா, பாஸ்! ஒடம்புல ஒரு கீறல் இல்ல. தைரியமா வூட்டுக்குப் போ” என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. எனக்கும் மனசு லேசானது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

“இன்னா மேடம் இது? காலைல அந்தம்மா புருஷனோட வந்து கம்ப்ளெயின்ட் வாணாங்குது. புள்ள டிவி பாத்துட்டு கத கட்டிடுச்சாம். ஆஸ்பத்திரியிலேயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களாமே, யாரு சொன்னது?”

“நான்தான்” என்றேன்.

 “அவங்க வாணாம்னாலும் நான் கேஸ விட முடியாது. ஆனா புள்ள வாயே தொறக்கல மேடம். அவங்கம்மா மூஞ்சியவே பாத்துகினு நிக்குது” என்றார்.

“இன்னிக்கு ஸ்கூல் விட்டா புள்ள எங்க போவும்?”

“பெரியப்பா வூட்டுக்குத்தான். அந்தம்மாவே சொல்லிச்சு. நான் கோர்ட்ல மாட்டிகினு இருக்கேன், வர அஞ்சு ஆவும். கான்ஸ்டபிள யூனிஃபார்மோட ஸ்கூலுக்கு அனுப்பினா ஊரே பேசும். நீங்க அந்தம்மாவ புடிங்க.”

பள்ளி நாலு பத்துக்கு விடும். டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்து, நேற்று நான் படிக்காத வரிகளின்மேல் விரலை வைத்தார். காயம் இல்லாததால் சம்பவம் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது, குழந்தை சொன்னதற்கு இது முரண்பாடு இல்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“இத எழுதறதுக்கு நான் எவ்ளோ யோசிச்சேன் தெரியுமா மேடம்?” என்றார். அவ்வளவுதான். வயதில் சின்னவர் குரலை உயர்த்தாமல் கேட்ட கேள்வி. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

சேர்க்கைப் பதிவில் இருந்த போன் நம்பர் புருஷனுடையது. அதற்கு அடித்தால் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விடும். நல்ல வேளையாக, வேலை செய்யும் கம்பெனி பெயரை எழுதி வாங்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஆட்டோ பிடித்து அந்தக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. வெல்ஃபேர் ஆபீசர் வந்து, “என்ன விஷயம் மேடம்? லைன்ல ஷிப்மென்ட் ஓடுது” என்றார். உண்மையைச் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் ஐநூறு பேருக்குத் தெரியும். பொய் சொல்லவும் மனசில்லை. “ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். நேத்து அவங்க புள்ளைக்கு வைத்தியம் பாத்தோம், அதுல ஒரு பாக்கி இருக்குது. அம்மா நாலு மணிக்குள்ள எங்கூட வந்தாகணும்” என்றேன். பாக்கி இருந்தது வாஸ்தவம்தான். கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார்.

கலா ஏப்ரனோடு, தலையில் மாட்டிய வலைத் தொப்பியோடு ஓடிவந்தாள். கையில் அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் அப்படியே இருந்தது. கேட்டைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனேன்.

“இன்னா மேடம், புள்ளைக்கு இன்னா ஆச்சு?”

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. நேத்து நான் சொன்னது தப்பு. அத சொல்லத்தான் வந்தேன்.”

“இன்னா தப்பு?”

“பாஸுன்னு சொன்னேன்ல. அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் முகம் வெளுத்துப்போனது. “அப்ப ரிஜெக்டா?” என்றாள்.

அந்த ஒரு கேள்வியில்தான் என் தப்பு முழுசாக எனக்கு உறைத்தது. ஒரு குழந்தையை அவள் விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துக் கொடுத்தது நான்.

“கலா, புள்ள ஷூ இல்லம்மா. அதுக்கு பாஸும் கெடையாது, ரிஜெக்டும் கெடையாது. டாக்டர் பாத்தது புள்ளைக்கு நோய்நொடி வராம வைத்தியம் பண்றதுக்கு. புள்ள பொய் சொல்றாளா, நெசம் சொல்றாளான்னு பாக்குற மிஷின் அது இல்ல. இந்த மாதிரி நடந்தா முக்கால்வாசி தடமே இருக்காது. இருந்தாலும் சின்னப் புள்ள ஒடம்பு, சீக்கிரம் ஆறிடும். தடம் இல்லங்கிறதால நடக்கலன்னு ஆயிடாது. இத டாக்டரு எழுதியே வச்சிருக்காங்க. நான் படிக்காம ஒளறிட்டேன்.”

கலா ஸ்டிக்கர் தாளின் ஓரத்தை நகத்தால் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒன்று பிய்ந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

“நாங்களும் பாஸ் போட்டு அனுப்புவோம் மேடம். அப்புறம் வெளிநாட்லேர்ந்து பெட்டி பெட்டியா திரும்பி வரும். கண்ணுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றாள் மெதுவாக. பிறகு குரல் உடைந்தது. “நான் அடிச்சிட்டேன் மேடம். ஸ்கேலால அடிச்சேன். டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாங்க, பெரியப்பா மேல பழி போடுறியான்னு கேட்டு கேட்டு அடிச்சேன். எங்கூட்டுக்காரு, போயி அண்ணன் கால்ல வுழச் சொல்லுன்னாரு. இட்டுனு போயி கால்ல வுழ வச்சேன். மன்னிச்சிக்கோ பெரியப்பான்னு சொல்ல வச்சேன்.”

“அவுரு இன்னா சொன்னாரு?”

“கொழந்ததானே, வுடுன்னாரு.”

 இத்தனை வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வரியால் மட்டும் இன்றுவரை எனக்குத் தூக்கம் கெடுகிறது. குழந்தையை அந்தக் காலடிக்கு அனுப்பிவைத்தது என் வாயிலிருந்து வந்த ஒரு ஆறுதல். கலாவை நான் குறை சொல்லவே மாட்டேன். படித்த மேடம் சொன்னதை அவள் நம்பினாள், அவ்வளவுதான்.

ஆட்டோவில் ஏறியதும், “இனிமே எங்கிட்ட எதுனா சொல்லுவாளா மேடம்?” என்று கேட்டாள்.

சொல்லுவாம்மா, எல்லாம் சரியாப் போவும் என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“தெரியலம்மா. போயி கேட்டுப் பாப்போம்” என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் எனக்குச் சொல்ல வராது. அன்றிலிருந்து, கதவு திறப்பதற்கு முன்பே பெஞ்சில் இதைத்தான் முதலில் சொன்னேன்: “இந்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியாமப் போகலாம். அப்பவும் உங்க புள்ள சொன்னது சொன்னதுதான்.” முடிவு வந்த பிறகு சொன்னால் அது சமாதானம் மாதிரி ஒலிக்கும். முன்னாலேயே சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சொன்னதை அவர்கள் வாயால் எனக்கே திருப்பிச் சொல்ல வைப்பேன். சிலர், “அப்ப எதுக்கு மேடம் டெஸ்ட்?” என்று கோபப்படுவார்கள். கோபப்படட்டும், பதில் சொல்ல நேரம் இருக்கிறது. வேறு சிலர், “கல்யாணத்துக்கு எதுனா பிரச்சன வருமா, ஒரு சர்டிபிகேட் குடுங்க” என்பார்கள். அப்படி ஒரு சர்டிபிகேட் உலகத்தில் கிடையாது, எந்த டாக்டரும் கொடுக்கக் கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கண்ணீரைப் பார்த்ததும் நல்ல வார்த்தை ஒன்று நாக்கு நுனிக்கு வரும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். டாக்டர் விளக்குகிறேன் என்று சொல்லியிருந்தால் கேஷுவாலிட்டிக்கே போய் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடந்தது. குழந்தை நாலாம் நாள், டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லித் தானே கேட்டு, வந்து பேசினாள். பிறகு பெண் மாஜிஸ்திரேட்டிடமும் பேசினாள். கலா புருஷனை எதிர்த்துக்கொண்டு தனியாக வீடு பார்த்துப் போனாள். மற்றது அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம், அதை நான் எழுத மாட்டேன்.

ஆலங்காயம் போகிற ரோட்டில் உள்ள அந்தப் பள்ளிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு அடிக்க இரண்டு நிமிஷம். டீச்சரிடம் பேசிக் குழந்தையை வராந்தாவுக்கு வரவழைத்தோம். அம்மா ஏப்ரனோடு அந்த நேரத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவள் டீச்சரின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இடது கை மற்றொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அங்கே ஸ்கேல் பட்ட தடம் இருந்தது. இரண்டு நாளில் அந்தக் குழந்தையின் உடம்பில் நான் பார்த்த ஒரே தடம் அதுதான்.

டீச்சர் உள்ளே போனார். கலா கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே குந்தினாள்.

“நீ சொன்னது நெசம் பாப்பா. அம்மாதான் தப்பா நெனச்சிட்டேன்.”

குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள். “டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னாங்கன்னு சொன்னியே?”

“டாக்டர் அப்பிடி சொல்லல” என்றேன் நான். “நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஒங்கம்மாகிட்ட பொய்யானத சொன்னது நானு. நீ சொன்னது பொய் இல்ல.”

அவள் வெளியே ரோட்டைப் பார்த்தாள். “இப்ப பெரியப்பா வண்டி வந்துரும்” என்றாள்.

“வரட்டும். நீ போவ வாணாம்” என்றாள் கலா.

“நாளைக்கு?”

“நாளைக்கும் வாணாம்.”

கொஞ்சம் யோசித்தாள். “ஞாயித்துக்கெழம கம்பெனில ஒனக்கு ஓவர்டைம் இருந்தா?”

“இருந்தாலும் வாணாம். எப்பவுமே வாணாம்.”

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அடி முன்னால் வந்திருந்தாள். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன்.

“நான் கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டேனே மா, அது?”

  குழந்தையின் ஸ்கூல் செருப்பில் ஒரு வார் கழன்று தொங்கியது. கலா அதை எடுத்து மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஒரு கையை அவள் தலைத் தொப்பிமேல் வைத்தாள்.

பிறகு ஆட்டோவில் ஏறினோம். குழந்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.